மேல்நீர் மஞ்சளாக இருக்க வேண்டும்

ரத்தப் பெட்டியோடு நாங்கள் தாராவிக்குள் போன முதல் நாளே ஒரு அம்மாள் சத்தம் போட்டாள். "ரத்தம் எடுக்க வண்டி வந்திருக்கு, பிள்ளைகள உள்ள கூப்பிடுங்க!" வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொண்டன. நாங்கள் ரத்தம் எடுக்கப் போகவில்லை, கொடுக்கப் போயிருந்தோம். சாத்திய கதவுகளிடம் அதை எப்படிச் சொல்வது?

பிள்ளைகளே, போன வாரம் மூத்தவள் தன் போனில் ஒரு படம் காட்டினாள். விபத்து நடந்த இடத்துக்கே ரத்தம் கொண்டுபோய், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் வண்டியிலேயே ஏற்றுகிறார்களாம். "அப்பா, நீங்களும் இதைத்தானே செஞ்சீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அது அரைப் பதில். ஒரு வாரமாக உறுத்துகிறது. நான் எட்டாவது வரை படித்தவன், எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் மீதி அரையை வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

எண்பதுகளில் மாட்டுங்கா பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் வார்டு பாய். நான்கு வருஷம் தரை துடைத்தேன், பெட்பான் எடுத்தேன், ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். பிறகு டிரிப் மாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டர் ராகவன் வந்து சேர்ந்தார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், ராணுவத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடிபட்டவன் ஆஸ்பத்திரி வாசலில் சாவதில்லை, வழியில்தான் சாகிறான் என்பது அவர் கட்சி. டிரஸ்ட் ஆட்களோடு மல்லுக்கட்டி, ஒரு பழைய ஆம்புலன்ஸையும் தினம் இரண்டு பாட்டில் ரத்தத்தையும் வாங்கிவிட்டார். ஓ நெகட்டிவ், அவசரத்துக்கு எந்த குரூப் ஆளுக்கும் ஏற்றக்கூடிய ரத்தம். வண்டி ஓட்ட பாண்டுரங் என்ற மராத்தி டிரைவர், கூட நான். மூன்றே பேர்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே அவர் மேல் சந்தேகம் இருந்தது. பெரிய டாக்டர் எதற்காக தாராவி, லேபர் கேம்ப், செம்பூர் என்று சுற்றுகிறார்? பணக்காரர்கள் மேல் செய்து பார்க்க முடியாததை நம் ஜனங்கள் மேல் செய்து பார்க்கிறாரோ? ஒருநாள் பாண்டுரங்கிடம் கேட்டேன். அவன் பீடியை அணைத்துவிட்டு, "நீ அவரைச் சந்தேகப்படறே. அவர் உன்னைச் சந்தேகப்படறார். ஜோடி சரியா இருக்கு, சல்னே தோ" என்றான். விடு, நடக்கிறபடி நடக்கட்டும் என்று அர்த்தம்.

அவர் என்னைச் சந்தேகப்பட்டது பொய்யில்லை. ரத்தப் பெட்டி என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தகரப் பெட்டி. உள்பெட்டியில் பஞ்சும் துணியும் வைத்து, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் நிற்கும். இரண்டு தகரத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் ஐஸ். அதைப் போடுவதற்கு வெளிப்பெட்டியின் இடது ஓரத்தில் ஒரு வாய். காலை எட்டு மணிக்கு டாக்டர் பாட்டில்களைப் பார்த்து, உள்பெட்டி மூடியின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, பாதி பிளாஸ்டரிலும் பாதி தகரத்திலும் விழுகிற மாதிரி கையெழுத்துப் போடுவார். பிரித்தால் தெரிந்துவிடும். ரத்தம் விற்கிற ஆட்கள் ஆஸ்பத்திரி கேட்டிலேயே நிற்கிற காலம் அது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கேட்டேவிட்டேன்.

"சார், நான் எடுத்து வித்துருவேன்னு நினைக்கீங்களா?"

"உன்னைச் சந்தேகப்படலேப்பா. எல்லாரையும் சந்தேகப்படறேன். அதுல நீயும் உண்டு" என்றார், சிரிக்காமல்.

பாட்டிலைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பிடிக்க வேண்டும், மற்றவர் படிக்க வேண்டும். நம்பர், குரூப், தேதி, சீல். பிறகு கை மாற்றி மறுபடி முதலிலிருந்து. டாக்டரே படித்தாலும் நான் படித்துச் சரி என்று சொல்லாமல் பாட்டில் கொக்கியில் ஏறாது. கடைசியாக, குலுக்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். நின்ற ரத்தத்தில் சிவப்பு கீழே படிந்திருக்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். வண்டி ஆடி வந்தால் கோடு கொஞ்சம் கலங்கும், ஆனாலும் மேலே ஒரு விரல் அளவு தெளிவு இருக்கும். அந்த மேல்நீர் மஞ்சளாக இருக்க வேண்டும்.

"சிவந்திருந்தா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"ரத்தத்துல இருக்கற அணு உடைஞ்சு போச்சுன்னு அர்த்தம். சூடு பட்டாலும் உடையும், குளிர்ல உறைஞ்சு போனாலும் உடையும். அதை ஏத்தினா கிட்னி போயிடும். காப்பாத்தப் போன நாமே கொன்னவாளா ஆயிடுவோம்."

அந்த வருஷம் மே மாதம் வெயில் தகரத்தை உருக்கியது. காலையில் போட்ட ஐஸ் பதினொரு மணிக்கே தண்ணீர். பெட்டிக்குள் வைக்கிற தெர்மாமீட்டரும் உடைந்துபோய், புதிது கேட்டு டாக்டர் எழுதிப்போட்டிருந்தார். ஒருநாள் மத்தியானம் ஐஸ் வாயைத் திறந்து பார்த்தவர், பாண்டுரங் முன்னாலேயே என்னைக் கேட்டார்.

"ஐஸை எந்த சர்பத்காரனுக்குக் கொடுத்தே?"

பாண்டுரங் சிரித்துவிட்டான். எனக்குக் காது மடல் சுட்டது.

எங்கள் சந்தில் குல்ஃபி போடுகிற வடக்கத்திப் பையா ஒருவர் இருந்தார். ஐஸ் நிற்கமாட்டேன் என்கிறதே என்று அவரிடம் கேட்டேன். "நமக் டாலோ" என்றார். உப்பைப் போடு. கல் உப்பு தூவினால் குளிர் கையைக் கடிக்குமாம், பால்கூடக் கல்லாகிவிடுமாம். பால் கல்லாகும் என்று அந்த மனுஷன் சொன்னதும் எனக்கு ரத்தத்தின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டாக்டர் சொன்ன சர்பத்காரன் பேச்சுத்தான் காதில் நின்றது. குளிர் கூடினால் நல்லது, அவர் வாய் அடையும், அவ்வளவுதான் யோசித்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு, உடைத்த ஐஸோடு மூன்று கை கல் உப்பை இடது வாய் வழியாகப் போட்டேன். உள்பெட்டியின் பிளாஸ்டரைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் தகரத்தின் வெளியே வெள்ளையாகப் பனி பூத்தது. விரலால் கோடு இழுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கு வந்து திறந்து பார்க்கட்டும் என்று இருந்தேன்.

ஒரு மணி வாக்கில் போன் வந்தது. மாட்டுங்கா லேபர் கேம்பில் தகரப் பெட்டி செய்கிற பட்டறை. லாரியிலிருந்து தகடு இறக்கும்போது ஒரு கட்டு சரிந்து, பட்டறைக்காரர் தொடையில் இறங்கிவிட்டது. மைதீன் பாய் என்று பெயர், நம் தெற்கத்திப் பக்கத்து ஆள். தொடையும் இடுப்பும் சேருகிற இடத்தில் வெட்டு. நாங்கள் போனபோது தரையில் லுங்கி, சாக்கு, துண்டு என்று அமுக்கிப் பார்த்த துணியெல்லாம் ஊறிக் கிடந்தது. டாக்டர் மண்டி போட்டு, பாண்டுரங்கை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, கையில் நரம்பு தேடி ஊசி போட்டு சலைனை ஓடவிட்டார். பிறகு பாண்டுரங் கையை எடுக்கச் சொல்லி, தானே இரண்டு முஷ்டியையும் வைத்து அந்த இடத்தில் அமுக்கினார். அப்படியே ஸ்ட்ரெச்சரோடு கூடவே குனிந்து நடந்து வண்டிக்கு வந்தார்.

வண்டி வாசலில் ஒரு பையல் குறுக்கே நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும், சட்டையெல்லாம் ரத்தம். மைதீன் பாயின் தம்பி ஜபார்.

"எங்க காக்காவ எங்க கொண்டு போறீங்க? இருக்குற ரத்தத்தையும் உறிஞ்சிட்டு விட்டுருவீங்கன்னு சொல்லுதாங்க!" காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

பின்னால் கூட்டம். "விடாத ஜபாரு, டாக்ஸியில கொண்டு போவோம்" என்று ஒரு குரல்.

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "சந்தேகம் இருக்கோல்லியோ? நல்லது. உள்ளே ஏறு. எதிர்ல உட்கார்ந்து, நான் என்ன பண்றேன்னு கண்ணை எடுக்காம பாரு."

ஜபார் அதை எதிர்பார்க்கவில்லை. ஏறினான்.

சயான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் ஒரு மோர்ச்சா. கொடி பிடித்த ஊர்வலம். வண்டி அடி அடியாகத்தான் நகர்ந்தது. பாண்டுரங் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், "ஹட்டோ! ஹட்டோ!" என்று கத்திக்கொண்டிருந்தான். முதலில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்த மைதீன் பாய், பிறகு எதுவும் கேட்கவில்லை. உதடு வெளுத்துவிட்டது. நாடி பார்த்தேன், நூல் மாதிரி ஓடியது. அப்புறம் அந்த நூலையும் தேட வேண்டியிருந்தது.

"முத்தையா, சலைன் போதாது. முதல் பாட்டில்" என்றார் டாக்டர்.

அவர் முதுகு என் பக்கம். ஒருமுறை என் பக்கம் திரும்ப முயன்றார், முஷ்டி நழுவி ரத்தம் பீய்ச்சியது. மறுபடி அமுக்கிக் குனிந்துகொண்டார். அவருக்குப் பதிலாக என் கண்தான் பார்க்க வேண்டும். இத்தனை மாதத்தில் முதல் தடவை.

பிளாஸ்டரைக் கிழித்து இடது பாட்டிலை எடுத்தேன். கண்ணாடி கையைக் கடித்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.

"நம்பர்?" என்று டாக்டர் கேட்டார், படித்துச் சொன்னேன். "குரூப்?" "ஓ நெகட்டிவ்." "தேதி? சீல்?" "சரியா இருக்கு சார்."

"மேல்நீர்?"

மேல்நீர் ரோஸ் சர்பத் நிறத்தில் இருந்தது. பாட்டிலின் ஒரு பக்கம் உள்ளே செதில் செதிலாகப் பனி ஒட்டியிருந்தது.

குல்ஃபிக்காரர் சொன்ன பால் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குள் ஓடியதை உங்களிடம் மறைக்கமாட்டேன். மஞ்சள் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது. பாட்டில் காலியாகிவிடும். நாளைக்கு அந்த மனுஷன் செத்தால் வெட்டுக் காயத்தில் செத்தார் என்று எழுதிவிடுவார்கள். இவ்வளவு ரத்தம் போனவருக்குக் கெட்ட ரத்தமாவது இருக்கட்டுமே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. ஒருவேளை என் கண்தான் கோளாறோ, ஜன்னலில் பூசிய சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறதோ என்று பாட்டிலைத் திருப்பிப் பிடித்தேன். திருப்பினாலும் அதே நிறம்.

"சிவந்திருக்கு சார்."

"நன்னாப் பாரு. காலைல நான் பார்த்தேன், மஞ்சள்."

"இப்ப சிவந்திருக்கு சார்."

"எப்படி சிவக்கும்? குலுக்கினியா?"

"இல்ல."

"பாட்டிலை மாத்தினியா?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜபார் எழுந்துவிட்டான்.

"ரத்தம்னா செவப்பாத்தான்வே இருக்கும்! என்ன நாடகம் போடுதீரு? எங்க ஆளுன்னா மட்டும் யோசனையா? ஊத்தும்வே!" பாட்டிலைப் பிடுங்க வந்தான். நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

டாக்டர் குனிந்தபடியே சொன்னார். "காரணம் இல்லாம ரத்தம் சிவக்காது. காரணம் சொல்லு, இல்லேன்னா மாட்டு. இவருக்கு நேரம் இல்லே."

"பதினோரு மணிக்கு ஐஸ்ல உப்புப் போட்டேன் சார்."

டாக்டர் இரண்டு மூச்சு விட்டார். எண்ணினேன், இரண்டுதான்.

"எத்தனை கை?"

"மூணு."

"எந்தப் பக்கம்?"

"வாய் வழியாத்தான். இடது பக்கம்."

"கையில இருக்கறது?"

"இடது பாட்டில்."

"கீழே வை. வலது பாட்டிலை எடு, குலுக்காதே. தம்பி, உன் பேரென்ன? ஜபாரா? ஜபார், முத்தையா ரெண்டு பாட்டிலையும் பக்கத்துல பக்கத்துல பிடிப்பான். நீ பாரு. அவன் சொல்றதை நம்பாதே. நான் சொல்றதையும் நம்பாதே. மேலே நிக்கற தண்ணி என்ன நிறம்னு மட்டும் சொல்லு."

ஜபார் முதலில் என்னை முறைத்தான். பிறகு பாட்டில்களைப் பார்த்தான். பிறகு மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தான்.

"அதுல மேல ரோஸா இருக்கு. இதுல... மஞ்சளா, நல்லெண்ண கணக்கா இருக்கு."

"உள்ளே பனி, கட்டி ஏதாவது?"

"அதுல இருக்கு. இதுல இல்ல."

"முத்தையா?"

"மஞ்சள்தான் சார். பனி இல்ல, கட்டி இல்ல. நம்பர், குரூப், தேதி, சீல் எல்லாம் சரி."

"ரெண்டு பேர் சொல்லியாச்சு. மாட்டு. மெதுவா ஓடட்டும்."

மாட்டினேன். ரத்தம் குளிராக உள்ளே போகக் கூடாது என்பதற்காக, குழாயைச் சுருட்டி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். முதல் கொஞ்ச நேரம்தான் பயம். ரத்தம் சேரவில்லை என்றால் நடுக்கம் வரும், முதுகு வலிக்கும். டாக்டர் மைதீன் பாயின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தார். "பாய், முதுகு வலிக்கறதா? பாய், குளிரறதா?" பதில் இல்லை. நான் சொட்டை எண்ணினேன். கைக்குள் இருந்த குழாயைவிட என் கைதான் குளிர்ந்திருந்தது.

மோர்ச்சாவின் வால் கடந்து வண்டி வேகம் எடுத்தபோது பாட்டில் பாதி இறங்கியிருந்தது. டாக்டர் இருபதாவது தடவையோ என்னவோ கேட்டார். "பாய், முதுகு வலிக்கறதா?"

"முதுகு இல்ல..." என்றார் மைதீன் பாய். கண் திறக்கவில்லை. "நீரு கைய வெச்சு அமுக்குத இடந்தான் உயிர் போவுது."

ஜபார் சிரித்தான், உடனே அழுதான். "காக்கா, டாக்டர ஏசாதீங்க காக்கா."

பெரிய ஆஸ்பத்திரியில் அவரைக் கை மாற்றிக் கொடுத்தபோது நாடி விரலுக்கு எட்டியது. காலை எடுக்காமல் தைத்துவிட்டார்கள். பிறகு கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடப்பார், ஆனால் பட்டறையில் நின்று வேலை செய்தார்.

அந்த ரோஸ் பாட்டிலை டாக்டர் எறியவில்லை. பிரிட்ஜில் தனியாக வைத்தார். மூன்றாம் நாள் ஜபார் வந்தான். நன்றி சொல்ல வந்தவன்தான், ஆனாலும் வாசலில் நின்று என்னைக் கேட்டான். "அந்த இன்னொரு பாட்டில் எங்கண்ணே போச்சு? கேம்புல ஆளுக கேக்காங்க."

எனக்குக் கோபம் வந்தது. டாக்டருக்கு வரவில்லை. அவனை உள்ளே கூப்பிட்டுப் பாட்டிலைக் காட்டினார். அதற்குள் மேல்நீர் முழுக்க ஒயின் நிறத்துக்கு வந்திருந்தது. "கேக்கறது சரிதான். போய்க் கேம்ப்ல சொல்லு" என்றார். அவன் எதிரிலேயே அதை அழிக்கக் கொடுத்தார்.

ஜபார் போன பிறகு என்னை உட்காரச் சொன்னார். அதுவரை அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை. சீட்டுக் கிழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அந்தப் பாட்டில் தேவைப்படாமலே போயிருந்தா, உப்புப் போட்டதை எங்கிட்ட வந்து சொல்லியிருப்பியா?"

நல்ல பதில் ஒன்று நாக்கு வரை வந்தது. "சொல்லியிருக்கமாட்டேன் சார். நாளைக்கும் போட்டிருப்பேன்" என்றேன்.

"ஏன்?"

"சர்பத்காரன்னு சொன்னீங்களே."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலையை விட்டும் தூக்கவில்லை. "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்குப் பாட்டில் பார்த்து, பிளாஸ்டர் ஒட்டி, கையெழுத்துப் போட்டார். பிறகு ஐஸ் வாயில் ஆள்காட்டி விரலை விட்டு, ஐஸ் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே. மத்தியானம் ஐஸ் மாற்றியதும் மறுபடி. ஒருநாள்கூடத் தவறவில்லை. புது தெர்மாமீட்டர் வந்த பிறகும் அந்த விரல் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கன்னத்தில் அறை வாங்குகிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம், "அந்த ஆளு சாகுற வரைக்கும் என்னை நம்பமாட்டாரு" என்று புலம்பியிருக்கிறேன். "நீங்க செஞ்ச வேலைக்கு யாரு நம்புவா?" என்று அவள் கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் டாக்டர் மூக்கு அடைத்துக்கொண்டு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எல்லாம் முடித்து விரலை நாக்கில் வைத்தவர், முகத்தைச் சுளித்தார். மறுபடி வைத்தார்.

"ஜலதோஷம்ப்பா. நாக்குல ஒண்ணும் தெரியலே. நீ பாரு."

"நானா சார்?"

"உனக்குத்தானே உப்பு தெரியும்."

தொட்டு நாக்கில் வைத்தேன். வெறும் ஐஸ் தண்ணீர், கொஞ்சம் தகர வாடை. "உப்பு இல்ல சார்."

அவர் ஜன்னல் பக்கம் தலையை நீட்டிக் கத்தினார்.

"பாண்டுரங்! இங்கே வா. நீயும் பாரு."

பாண்டுரங் பீடியை அணைத்துவிட்டு வந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்து, "பானி ஹை சாப்" என்றான். தண்ணீர்தான்.

பாண்டுரங்கைக் கூப்பிட்டதற்கு அன்று எனக்குக் கோபம் வரவில்லை. கூப்பிடாமல் விட்டிருந்தால் நானே கூப்பிட்டிருப்பேன். மூடியை அழுத்தி மூடி, பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.